உள்ளூர்ச் செய்தியை இணையத்துக்கும் வாட்ஸாப்புக்கும் கொண்டுபோக: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணைக் கரையோரம் என் சின்னம்மா வீடு. ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு அவர் போன் செய்தார். முதலில் கேட்டது ஆடுகள் கத்தும் சத்தம்தான். "டேம் திறந்துட்டாங்கன்னு உன் செய்தியிலதான் போட்டிருக்குது. ஆட்டையெல்லாம் மேட்டுக்கு ஓட்டியாந்துட்டேன். எனக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்றார்.

அன்று அணை திறக்கவே இல்லை. அவர் கையில் இருந்தது பதினோரு மாதத்துக்கு முன் நான் எழுதிய பதிவின் ஸ்கிரீன்ஷாட். "இன்று மாலை தண்ணீர் திறக்கப்பட்டது" என்று அதில் இருந்தது, தேதி இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு ஆடுகளையும் ஒரு கறவை மாட்டையும் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் ஓரம் கட்டிவிட்டு, மூட்டு வலியோடு ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னும் நான்கு குடும்பங்கள்.

தப்பு என்னுடையதுதான். அதற்கு முன் சில வருடம் ஒரு வானொலிக்குப் பகுதிநேரமாகச் செய்தி எழுதியிருக்கிறேன். வானொலியில் "இன்று" என்றால் யாரும் குழம்ப மாட்டார்கள், ஏனென்றால் கேட்கிற நேரமும் சொல்கிற நேரமும் ஒன்று. இணையத்தில் போட்ட பதிவு அப்படி இல்லை. அது தேதியையும் ஊரையும் விட்டுப் பிரிந்து, யார் கைக்கோ, எப்போதோ போய்ச் சேரும். பெரிய பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் இணையத்துக்கு வந்தபோது அவர்களுக்கும் இதுதான் பாடமாக இருந்தது. அவர்கள் வழிகளைத் தேடிப் படித்து, நாங்கள் நான்கு பேர் நடத்தும் சின்னப் பக்கத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ள எட்டு மாதம் ஆனது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அந்த எட்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்தச் செய்தி உங்கள் வேலை என்று முடிவு செய்யுங்கள்

எல்லாச் செய்தியையும் போட ஆசை வரும். வேண்டாம். மாநிலச் செய்திக்கு ஆகாசவாணி இருக்கிறது, டிடி தமிழ் இருக்கிறது, தினசரிகள் இருக்கின்றன. உங்கள் ஊரில் யாரும் ஒழுங்காகத் தராத இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள். நாங்கள் எடுத்தவை: கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணைதான்), கெலவரப்பள்ளி அணை, ஒகேனக்கல் நீர் நிலவரம்; ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை நடமாட்டம்; மாதாந்திர மின்தடை. தர்மபுரி நண்பர்கள் பட்டுக்கூடு அங்காடி விலையையும் பாலக்கோடு தக்காளி விலையையும் எடுத்திருக்கிறார்கள். தினமும் ஒரே நேரத்தில் வருவதும், படித்தவர் உடனே ஏதாவது செய்யக்கூடியதுமான செய்திதான் வாட்ஸாப்பில் நிற்கும்.

2. காகித வேலையை முதல் மாதத்திலேயே முடியுங்கள்

இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டொமைன், அதாவது உங்கள் இணையதளத்தின் பெயர். அதை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைபேசி எண்ணில், நீங்களே வாங்குங்கள். எங்களுக்குத் தளம் செய்து கொடுத்தவர் எல்லாவற்றையும் தன் மின்னஞ்சலிலேயே பதிவு செய்திருந்தார். ஒரு வருடம் கழித்துப் புதுப்பிக்கப் போனால் ஓ.டி.பி. அவருக்குப் போகிறது, அவர் வெளிநாட்டில். பத்தொன்பது நாள் தளம் இருட்டு. இன்னொன்று, முதல் ஆண்டுக்குச் சலுகை விலை காட்டுவார்கள். நாங்கள் 499 ரூபாய்க்கு வாங்கியது, இரண்டாம் ஆண்டு 900-ஐத் தாண்டியது. புதுப்பிக்கும் விலையைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

அடுத்தது அரசுக்குத் தகவல் தருவது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இணையத்தில் செய்தி வெளியிடுவோர் தொடங்கிய 30 நாளுக்குள் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குத் தங்கள் விவரத்தை அனுப்ப வேண்டும். டிஜிட்டலில் மட்டும் செய்தி தருவோருக்கென்று தனிப் படிவம் இருக்கிறது. தளத்தின் முகவரி, மொழி, நடத்துபவர் பெயர், தொடர்பு விவரம், சமூக ஊடகக் கணக்குகள், குறைதீர் அலுவலர் பெயர் இவையெல்லாம் கேட்பார்கள். இது தகவல் கொடுப்பது மட்டுமே; உரிமம் வாங்குவது அல்ல. கட்டணம் கிடையாது. அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுத்து ஃபைலில் வையுங்கள்.

குறைதீர் அலுவலர் என்றதும் பயந்துவிட வேண்டாம், உங்கள் குழுவில் ஒருவர் போதும். அவர் பெயரும் மின்னஞ்சலும் தளத்தில் தெரியும்படி இருக்க வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் போட்டு, 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்த விதிகளில் சில பகுதிகளுக்கு 2021 ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும் பெயரைப் போட்டுவிடுங்கள். தப்பாக ஒரு செய்தி வந்தால் யாரிடம் சொல்வது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எனக்கு அதுதான் முக்கியக் காரணம்.

பொறி இங்கேதான். "யூடியூப் சேனலுக்குப் பத்திரிகைப் பதிவு எண் வாங்கித் தருகிறேன், பிரஸ் அட்டையும் சேர்த்துப் பதினைந்தாயிரம்" என்று ஒருவர் எங்களிடம் வந்தார். பத்திரிகைப் பதிவு என்பது அச்சில் வரும் இதழ்களுக்கு. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டத்திலும் இணையதளத்துக்கு அப்படியொரு எண் கிடையாது. யாராவது விற்றால் அது வெறும் பிளாஸ்டிக் அட்டை.

விளம்பர வருமானம் வரும் என்றால், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உதயம் பதிவு செய்து, அதை வைத்து வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கலாம். உதயம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம். ஆதாரும் பான் அட்டையும் இருந்தால் அரை மணி நேர வேலை. தேடும்போது மேலே வரும் தனியார் தளங்கள் 1,500, 2,000 என்று கேட்கும், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சமூக வானொலி நடத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அலைவரிசையில் நீங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் தரலாம். வானிலை, மின்தடை, குடிநீர், பேரிடர் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகள் செய்திக் கணக்கில் வராது, அவற்றைச் சொல்லலாம். இணையத்தில் எழுதியதை எடுத்து அப்படியே மைக் முன்னால் வாசித்துவிடாதீர்கள்.

3. எழுதும் முன் அட்டவணை போடுங்கள்

அமெரிக்காவின் பொது வானொலியான என்.பி.ஆர். ஒரு முறை வைத்திருந்தது: ஒருமுறை உருவாக்கு, எல்லா இடத்திலும் வெளியிடு. செய்தியை ஒரே இடத்தில் துண்டு துண்டாகப் பதிந்து வைப்பார்கள். தலைப்பு தனி, சுருக்கம் தனி, முழுக் கதை தனி, ஒலி தனி, படம் தனி. இணையதளம், செயலி, அதோடு இணைந்த வானொலி நிலையங்களின் தளங்கள் எல்லாம் தனக்கு வேண்டிய துண்டை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

நமக்கு அந்த மென்பொருள் தேவையில்லை. கூகுள் ஷீட் ஒன்று போதும். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை. என்ன நடந்தது, எந்த ஊர், எந்த வட்டம், எந்தத் தேதி எத்தனை மணி நிலவரம், எண் என்ன, யார் சொன்னது, எந்த நேரம் வரை செல்லுபடியாகும் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தை நான் சிவப்பில் வைத்திருக்கிறேன். அணைச் செய்தி மறுநாள் காலை 8 மணி வரை செல்லும். யானைச் செய்தி 12 மணி நேரம். தக்காளி விலை அன்று மாலை வரை. மின்தடைச் செய்தி அந்த நாள் முடியும் வரை. இந்தக் கட்டம் காலியாக இருந்தால் நாங்கள் வெளியிடுவதில்லை.

எண்ணில் கவனம். அணையின் நீர்மட்டம் அடியில், நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி, இருப்பு டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி). மூன்றும் ஒரே பத்திரிகைக் குறிப்பில் வரும், அவசரத்தில் மாறிவிடும். கே.ஆர்.பி. அணையின் முழு நீர்மட்டம் 52 அடி, கெலவரப்பள்ளி 44.28 அடி. இந்த இரண்டையும் அட்டவணை மேலேயே எழுதி வையுங்கள். யாராவது "கே.ஆர்.பி. 520 அடி" என்று தட்டச்சு செய்தால் கண்ணில் குத்தும். ஒகேனக்கலுக்கு எண் எடுக்கும்போது, அது எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளந்ததா, ஒகேனக்கல் நிலவரமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

4. வானொலி நடையைக் கழற்றுங்கள்

பி.பி.சி.யின் இணையச் செய்திகளில் முதல் நான்கு பத்தியைப் பாருங்கள். அதோடு நிறுத்தினாலும் செய்தி முழுதாக இருக்கும்படி எழுதும் பழக்கம் அங்கே உண்டு. காரணம் சுவாரஸ்யமானது. அவர்களிடம் தொலைக்காட்சித் திரையில் எழுத்தாக ஓடும் சீஃபாக்ஸ் என்ற சேவை 2012 வரை இருந்தது. இணையத்துக்கு எழுதும் செய்தியின் தலைப்பும் முதல் நான்கு பத்தியும்தான் அதற்கும் போகும். இடம் சின்னது, அதனால் தலைப்புக்கு முப்பத்துச் சொச்சம் எழுத்துகள்தான். அந்த நெருக்கடியில் பிறந்த ஒழுங்கு பிறகு கைபேசிக்கு அப்படியே பொருந்திவிட்டது.

எங்கள் பழைய பதிவு இப்படி இருந்தது:

"நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்துவரும் தொடர் மழை காரணமாக கிருஷ்ணகிரி அணைக்கு நீர்வரத்து அதிகரித்துள்ளது. இதைத் தொடர்ந்து இன்று மாலை அணையிலிருந்து தென்பெண்ணை ஆற்றில் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. இதையடுத்து கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டுள்ளனர்."

காதுக்கு இது நன்றாகத்தான் இருக்கிறது. கைபேசியில் படிப்பவருக்கு மூன்று கேள்வி மிஞ்சும்: எப்போது, எவ்வளவு, என் ஊருக்கா? இப்போது இப்படி எழுதுகிறோம். எண்கள் மாதிரிக்காகப் போட்டவை:

"தென்பெண்ணை: காவேரிப்பட்டணம் கரையோரம் எச்சரிக்கை. அக்டோபர் 14, செவ்வாய், மாலை 4 மணி நிலவரம். கே.ஆர்.பி. அணையிலிருந்து விநாடிக்கு 6,000 கனஅடி தண்ணீர் திறக்கப்படுகிறது. ஆற்றில் இறங்க வேண்டாம், கால்நடைகளைக் கரையில் கட்ட வேண்டாம். தகவல்: மாவட்ட நிர்வாகம். இந்த எச்சரிக்கை புதன் காலை 8 மணி வரை செல்லும். அடுத்த நிலவரம் அப்போது வரும்."

"இதைத் தொடர்ந்து", "இதையடுத்து" இரண்டும் போய்விட்டதைக் கவனியுங்கள். வானொலியில் ஒரு வரியையும் அடுத்த வரியையும் கட்டும் கயிறு அவை. இங்கே கயிறு வேண்டாம், ஒவ்வொரு வரியும் தனியாக வெட்டி எடுத்தாலும் நிற்க வேண்டும். "இன்று", "நாளை", "நேற்று" மூன்றையும் எங்கள் பக்கத்தில் தடை செய்துவிட்டோம். "கேட்டுக்கொள்ளப்பட்டுள்ளனர்" என்பதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள்.

5. தலைப்பும் முகவரியும்

தலைப்பில் ஊர்ப்பெயர் முதலில் வரட்டும். ஆறேழு சொல்லுக்கு மேல் போனால் வாட்ஸாப் முன்னோட்டத்தில் வெட்டுப்படும்.

ஊர்ப்பெயரை மக்கள் ஒரே மாதிரி எழுதுவதில்லை. அரசுக் காகிதத்தில் தருமபுரி, கடைப் பலகையில் தர்மபுரி. ஓசூர் என்றும் ஒசூர் என்றும் தேடுகிறார்கள். கே.ஆர்.பி. அணை என்பவர்களும் கிருஷ்ணகிரி அணை என்பவர்களும் இருக்கிறார்கள். தலைப்பில் ஒன்றைப் போட்டால் முதல் பத்தியில் மற்றதைப் போடுங்கள். எங்கள் தளத்துக்குத் தேடி வருவோர் எண்ணிக்கை இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் ஏறத் தொடங்கியது.

பதிவின் இணைப்பு முகவரியைத் தமிழில் வைக்காதீர்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ் முகவரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டினால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒன்பது எழுத்தாக விரியும். கால் பக்கத்துக்கு ஏதோ வைரஸ் போல நீளும், பார்த்தவர் தொட மாட்டார். ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர், அப்புறம் தேதி, அவ்வளவு போதும். தேதி முகவரியிலேயே இருப்பது இன்னொரு பாதுகாப்பு.

6. எழுத்துரு

அரசு அலுவலகங்களிலிருந்து வரும் குறிப்புகள் பல இன்னும் வானவில் போன்ற பழைய எழுத்துருவில் வருகின்றன. நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகளாக மாறும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருவர் மூலத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் மாற்றியதைச் சரிபாருங்கள். வீடியோ எடிட்டிங் செயலிகளில் "கொ", "கௌ", "ணை" உடைகிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டுத்தான் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "அணை" உடைந்து வந்த ஒரு படத்தை ஐந்நூறு பேருக்கு அனுப்பிய பிறகுதான் நாங்கள் பார்த்தோம்.

7. எந்தத் தளத்தில் என்ன

சொந்த இணையதளம்தான் வீடு, மற்றதெல்லாம் வாடகை. இதை நான் கனடாவைப் பார்த்துக் கற்றேன். 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு சட்டத் தகராறில் மெட்டா நிறுவனம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் செய்திகளையே தடுத்தது. பொது ஒலிபரப்பான சி.பி.சி.யின் செய்தியும் அதில் போனது. அதே மாதம் காட்டுத்தீ. ஊரைக் காலி செய்யும் மக்கள் செய்தி இணைப்பைப் பகிர முடியாமல் தவித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், "அரசு சார்ந்த ஊடகம்" என்று முத்திரை குத்தியதால் என்.பி.ஆர். ட்விட்டரை விட்டே வெளியேறியது. இவ்வளவு பெரியவர்களுக்கே இந்தக் கதி. அதனால் முழுச் செய்தி முதலில் சொந்தத் தளத்தில், பிறகுதான் மற்ற இடங்களில்.

தளம் இலகுவாக இருக்கட்டும். என்.பி.ஆர்., சி.பி.சி. இரண்டும் வெறும் எழுத்து மட்டுமுள்ள பக்கங்களைத் தனியாக வைத்திருக்கின்றன. அஞ்செட்டி மலைப்பாதையில் சிக்னல் ஒரு கோடு வந்து போகும். நான்கு மெகாபைட் படம் அங்கே இறங்காது.

வாட்ஸாப்பில் குழு வேண்டாம், சேனல் தொடங்குங்கள். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பழைய குழுவில் சேர்ந்த பெண்கள் ஒரு வாரத்தில் ஒவ்வொருவராக வெளியேறினார்கள், காரணம் கேட்டபோதுதான் ராத்திரியில் யார் யாரோ "ஹாய்" அனுப்புவது தெரிந்தது. சேனலில் அந்தத் தொல்லை இல்லை, உங்கள் எண்ணும் தெரியாது. சேனலில் பதிவுகள் 30 நாள்தான் இருக்கும், அதற்கும் சேர்த்துத்தான் சொந்தத் தளம்.

இணைப்பைப் பகிரும்போது தெரியும் முன்னோட்டப் படம் 1200-க்கு 630 பிக்சல் அளவில், 300 கிலோபைட்டுக்குள் இருந்தால் ஒழுங்காக வரும். அந்தப் படத்திலேயே தேதியைப் பெரிதாக எழுதுங்கள். பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 2019 முதல், பழைய கட்டுரையை யாராவது பகிர்ந்தால் படத்திலேயே எந்த ஆண்டுச் செய்தி என்று காட்டுகிறது. சின்னம்மா இரவுக்குப் பிறகு இதைத்தான் முதலில் செய்தேன்: எச்சரிக்கைப் படம் ஒவ்வொன்றிலும் மஞ்சள் பட்டையில் கறுப்பு எழுத்தில் தேதி, கிழமை, நேரம். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் தேதி கூடவே போகும். பட்டையை ஓரத்தில் வைக்காமல் நடுவில் வையுங்கள், ஓரத்தில் இருந்தால் வெட்டிவிடுகிறார்கள்.

வீடியோ செங்குத்தாக எடுங்கள். ஜெர்மனியின் பொதுத் தொலைக்காட்சிச் செய்தியான டாகஸ்ஷாவ் நூறு விநாடிச் செய்தி என்றே ஒரு வடிவம் வைத்திருக்கிறது. நமக்கு 40 விநாடி போதும். சத்தமில்லாமல் பஸ்ஸில் பார்ப்பவருக்காக எழுத்து ஓட வேண்டும், ஊர்ப்பெயரும் தேதியும் முதல் மூன்று விநாடிக்குள் வந்துவிட வேண்டும். "வணக்கம் நண்பர்களே" அப்புறம் இருக்கட்டும்.

ஒலியை மறந்துவிடாதீர்கள். படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் நிறைய. ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைய. யானை எச்சரிக்கையை மூன்று மொழியிலும் 30 விநாடிக் குரல்பதிவாகப் போடுகிறோம். எழுத்தைவிட அதுதான் அதிகம் பகிரப்படுகிறது. நேர்காணல் எடுத்தால் ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ் செய்வதுபோல ஒவ்வொன்றையும் தனித் தலைப்போடு பாட்காஸ்டாக வெட்டிப் போடுங்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சியை அப்படியே ஏற்றினால் யாரும் தேடிக் கேட்க மாட்டார்கள்.

8. படம், காட்சி, காப்புரிமை

வெள்ளக் காட்சி ஒன்று வாட்ஸாப்பில் வந்தால் எடுத்துப் போட்டுவிடத் தோன்றும். நாங்கள் ஒரு தொலைக்காட்சியின் பதினொரு விநாடிக் காட்சியைப் போட்டு யூடியூபில் ஒரு காப்புரிமைப் புகார் வாங்கினோம். 90 நாளுக்குள் இப்படி மூன்று வாங்கினால் சேனலே போய்விடும். அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு பதிவுக்கும் பயந்துகொண்டே இருந்தோம்.

உள்ளூர்ப் படத்தை நீங்களே எடுங்கள் அல்லது எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "இந்தப் படத்தை நான்தான் எடுத்தேன், இந்தத் தேதி, இந்த இடம், நீங்கள் பயன்படுத்தலாம்" என்று ஒரு வாட்ஸாப் செய்தி போதும். அனுமதியும் தேதிச் சோதனையும் ஒரே வேலையில் முடிந்துவிடும். மாநில, தேசியக் காட்சிகளுக்கு, ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி 2024 மார்ச்சில் தொடங்கிய பிபி-ஷப்த் சேவையைப் பாருங்கள். பதிவு செய்த ஊடகங்களுக்குச் செய்தியும் காட்சியும் முத்திரை இல்லாமல் தருகிறார்கள்.

9. போடக் கூடாதவை

குழந்தைகள் சம்பந்தப்பட்ட பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எதுவும் வரக் கூடாது. நம் மாவட்டங்களில் குழந்தைத் திருமணச் செய்திகள் அடிக்கடி வரும், அவற்றிலும் அதே கட்டுப்பாட்டோடுதான் எழுத வேண்டும். சின்ன ஊரில் "அரசுப் பள்ளி அருகே உள்ள தெருவைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவி" என்றாலே எல்லோருக்கும் தெரிந்துவிடும். மாவட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள்.

யானைச் செய்தியில் துல்லியமான இடத்தைப் போடாதீர்கள். சானமாவு காட்டோரம் கூட்டம் நிற்கிறது என்று வரைபடத்தோடு ஒருமுறை போட்டோம். ஒரு மணி நேரத்தில் பைக்கில் செல்ஃபி எடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். இப்போது எந்தக் கிராமத்தார் இரவில் தோட்டத்துக் காவலுக்குப் போக வேண்டாம், எந்தப் பாதையைத் தவிர்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம்.

10. திருத்தமும் காலாவதியும்

பி.பி.சி.யில், இணையத்தில் போட்டதை அசாதாரணக் காரணம் இல்லாமல் நீக்குவதில்லை என்பது கொள்கை. ஜெர்மனியில் பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் இணையத்தில் போட்டவற்றில் பலவற்றைக் குறிப்பிட்ட காலத்தில் எடுத்துவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இரண்டையும் யோசித்து நாங்கள் எடுத்த முடிவு: நீக்குவதில்லை, முத்திரை குத்துகிறோம். காலாவதி நேரம் தாண்டியதும் பதிவின் மேல் "இந்த எச்சரிக்கை முடிந்துவிட்டது" என்று தேதியோடு வரும். அதன் கீழே புதிய நிலவரத்துக்கு இணைப்பு.

தப்பு நேர்ந்தால் ஓசையில்லாமல் மாற்றாதீர்கள். "முதலில் 60,000 கனஅடி என்று இருந்தது, 6,000 என்பதே சரி, மாலை 5.20-க்குத் திருத்தப்பட்டது" என்று அடியில் எழுதுங்கள். வாட்ஸாப்பில் தப்பான படம் போய்விட்டால் அதை அழித்தால் மட்டும் போதாது, அனுப்பியவர்கள் அனுப்பிவிட்டிருப்பார்கள். அதே படத்தின் மேல் குறுக்கே "தவறு" என்று சிவப்பில் எழுதி, சரியானதைப் பக்கத்தில் வைத்து, அதே சேனலில் அனுப்புங்கள். தப்பான படத்தை எந்தக் குழுவில் பார்த்தார்களோ அங்கேயே இதையும் போடச் சொல்லிக் கேளுங்கள். பத்தில் நான்கு பேராவது போடுவார்கள்.

11. செலவு, நேரம்

எங்களுக்கு முதல் ஆண்டு ஆனது: டொமைன் 499, ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இடத்துக்கான வாடகை) 3,200, சட்டையில் குத்தும் மைக் 1,100, ஸ்டாண்டு 650. கைபேசிகள் இருந்தவைதான். ரீசார்ஜ் அவரவர் செலவு.

வருமானம் மெதுவாகத்தான் வரும். யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது ஷார்ட்ஸில் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. இணையதளத்துக்கு விளம்பரம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் தமிழுக்கு 2018 முதல் உண்டு. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண்ணை அஞ்சலில் அனுப்புவார்கள். எங்களுக்கு முதல் கடிதம் வரவேயில்லை, கதவு எண்ணைப் பழையது புதியது என்று இரண்டும் சேர்த்துப் போட்டிருந்தோம். தபால்காரருக்குத் தெரிந்த மாதிரி முகவரி கொடுத்து, அவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும்.

தினமும் ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. காலை 7.30-க்கு எண்களைச் சேகரிப்பது, 8 மணிக்குப் பதிவு, 8.15-க்கு வாட்ஸாப், மாலை 5 மணிக்கு மறுபடி. மழை நாளில் இந்தக் கணக்கு செல்லாது. இரவுப் பொறுப்பு யாருக்கு என்று முன்பே பேசிவையுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது நாங்கள் யாரும் இரண்டு இரவு தூங்கவில்லை, முறை பிரித்திருந்தால் இரண்டு பேராவது தூங்கியிருப்போம்.

தொடங்க நல்ல நேரம் வைகாசி. காகித வேலைக்கு ஒரு மாதம், அட்டவணைக்கும் எழுத்துப் பழக்கத்துக்கும் ஒரு மாதம். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கலில் கூட்டம் கூடும்போது பரிசல் ஓடுகிறதா, அருவியில் குளிக்கத் தடையா என்று மாவட்டமே தேடும். அதற்குள் உங்கள் மஞ்சள் பட்டை தயாராக இருக்க வேண்டும்.